கழுத்திலிருந்து

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது திலோத்தமைக்குக் கால் மடங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, கணுக்கால்தான் புசுபுசுவென்று வீங்கியிருந்தது. தனியாகவே ஆட்டோ பிடித்து பிசியோதெரபிக்கு வந்தாள்.

“கூட யாரும் வரலையாக்கா?” என்று கேட்ட தெரபிஸ்ட் ஜெசிந்தா, பதிலுக்குக் காத்திராமல் அவளைப் படுக்க வைத்து, காலை விட்டுவிட்டுக் கழுத்தில் கை வைத்தாள்.

“அடி கால்லம்மா.”

“தெரியும்க்கா. மேல வழி விட்டாத்தான் கீழ தேங்கின நீர் வடியும்.”

தோளெலும்புக்கு மேலிருந்த குழியில் இரண்டு விரல்கள் தோலை மட்டும் மெல்ல நகர்த்தி நகர்த்தி விட்டன. அழுத்தவில்லை, தேய்க்கவில்லை. சளி பிடித்தால் அங்கே தைலம் தடவிவிட்ட அம்மா போன பிறகு, அந்த இடத்தை யாரும் தொட்டதில்லை என்பது திலோத்தமைக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது.

“வலிக்குதாக்கா?”

‘இல்லை’ என்று சொன்னால், பிறகு ஏன் அழுகிறீர்கள் என்று கேட்பாள்.

“ஆமா, கொஞ்சம்.”

“ஐயோ, சாரிக்கா.” ஜெசிந்தா கையை லேசாக்கினாள். கண்ணீர் நிற்காததைப் பார்த்து இன்னும் லேசாக்கினாள். விரல்கள் கழுத்தில் இருக்கின்றனவா, எடுத்துவிட்டாளா என்றே திலோத்தமைக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து பார்க்காமல் அப்படியே படுத்திருந்தாள்.