முட்டுக்கட்டையின் ஆதரவு

இதை எனக்கு முதலில் சொன்னவள் ஒரு தையல்காரி. போன வாரம், பிரார்த்தனை முடிந்து பேருந்துக்கு நின்றபோது சொன்னாள்.

அவள் துணி தைத்துக் கொடுக்கிற வீடு ஓர் எதிர்க்கட்சி எம்.பி.யுடையது. எதற்கும் எழுந்து மறுத்துப் பேசுவாராம் மனுஷன். ஆளுங்கட்சிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் முட்டுக்கட்டை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் நாடாளுமன்றத்தில், அவர் தொகுதியில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியை மூடுவது பற்றிப் பேச்சு. அவர் மனைவி டிவி முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில்தான் அவள் தங்கை, எட்டு மாதக் கர்ப்பிணி. வேறு ஆஸ்பத்திரிக்கு அரைநாள் பயணம்.

முட்டுக்கட்டை எழுந்தார்.

"இந்த அரசு எடுத்த ஒரே நல்ல முடிவு இதுதான். நாளைக்கே மூடுங்க. மனசார ஆதரிக்கிறேன்."

தங்கை போனில் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகவே, உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் தாவப் போறாராமே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் காபியை நங்கென்று வைத்தாள்.

"என் தங்கச்சி வயித்துல அடிச்சிட்டு வந்திருக்கீங்க."

"செய்தியைப் போடு," என்றார் அவர், சட்டையைக் கழற்றியபடி.

போட்டாள். ஆஸ்பத்திரியை மூடப்போவதில்லை என்று அமைச்சர் அறிவித்துக்கொண்டிருந்தார். முட்டுக்கட்டையே ஆதரிக்கிறார் என்றால் உள்ளே ஏதோ சதி இருக்கிறதாம். போதாததற்கு இருபது கட்டில் கூடுதலாகப் போடுகிறார்களாம்.



"மூணு வருஷமா டாக்டர் கேட்டேன், இருந்த டாக்டரையும் மாத்தினாங்க. கட்டில் கேட்டேன், ஒரு வார்டையே பூட்டினாங்க," என்றார் அவர். "இன்னிக்குத்தான் எனக்குக் கேக்கத் தெரிஞ்சுது."

ஊரில் அமைச்சருக்கு மாலை, இவர் கொடும்பாவிக்குத் தீ. வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. அமைச்சரின் பெயரை வைத்திருக்கிறாளாம். அக்கா புருஷனோடு மட்டும் பேச்சு வார்த்தை இல்லை.

அடுத்த வாரம், மாணவர் குறைந்த பள்ளிக்கூடங்களை மூடுகிற மசோதா வருகிறது. அதையும் அவர் மனசார ஆதரிக்கப் போகிறார்.

ஓட்டெடுப்பு முடிகிற வரைக்குமாவது, இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.