நைனா இழுக்காத சிகரெட்

"உங்க நைனா சரின்னு சொல்லட்டும். அப்பால நான் கையெழுத்து போடுறேன்."

கோபத்தில் வந்த வார்த்தை. சொன்ன மறுநொடியே சிலுவையம்மாளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலாகிவிட்டது.

நைனா என்றால் அவள் புருஷன் யேசுதாஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன். காசிமேட்டுக் கல்லறையில் படுத்துச் சில வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவத்தி, சாமந்தியோடு அவருக்கு ஒரு சிகரெட்டும் உண்டு. மகன் பென்னி அதைப் பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்து, கல்லறை மேல் வைப்பான். கடைசிவரை புகைந்து சாம்பலானால் நைனா குடித்துவிட்டார், வீட்டில் நடப்பதெல்லாம் அவருக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

ஒரு வருஷமும் அவர் பாதியில் வைத்தது கிடையாது.

ஆக, கேட்டால் சம்மதம்தான். வீடு போன மாதிரிதான்.

ராயபுரத்து வீடு. மீன் ஏலத்தில் எடுத்து, கூடை சுமந்து, வாயால் சண்டை போட்டே அவள் வாங்கிய வீடு. அதை விற்று மீஞ்சூர் பக்கம் ஃபிளாட் வாங்கியே தீருவேன் என்று பென்னி ஒற்றைக் காலில் நின்றான். ஃபிளாட்டில் அவளுக்கு இடமில்லை. சிஸ்டர்கள் நடத்துகிற முதியோர் ஹோம் ஒன்று இருக்கிறதாம், நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம்.

பெற்ற மகன், அவனையாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். அவளால் பொறுக்க முடியாதது மருமகள் கரோலினைத்தான். மாமியார் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்ததும் லபக்கென்று பிடித்துக்கொண்டவள் அவள்.

"சரித்தே. மாமாவையே கேட்டுடுவோம். அப்பால ரெண்டு பேருமே பேச்சு மாறக் கூடாது" என்றாள். அதோடு விட்டாளா? இந்தத் தடவை சிகரெட்டைத் தானே வாங்கி வருவதாகவும் சொல்லிவிட்டாள்.

ஏலத்தில் வாய்விட்டுச் சொன்ன விலையைச் சிலுவையம்மாள் ஒரு நாளும் திரும்ப வாங்கியதில்லை. இதை மட்டும் எப்படி வாங்குவாள்?

கல்லறைத் திருநாள் சாயங்காலம் கரோலின் மணலி பேப்பர் கம்பெனி யூனிஃபார்மோடு நேராகக் கல்லறைக்கு வந்து சேர்ந்தாள். கைப்பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்கிற வெளிநாட்டுச் சரக்கு.

"ஃபாரினா? நைனா இன்னிக்கி குஷியாயிடுவாரு" என்று பென்னி இளித்தான்.

மருமகள் பாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பதைச் சிலுவையம்மாள் பார்த்தாள். எப்போது கையெழுத்து விழும் என்று அவளுக்கு அவ்வளவு தவிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

பென்னி பற்றவைத்தான். ஒரு இழுப்பு இழுத்துச் சிலுவைக்குக் கீழே வைத்தான்.

புகை எழுந்தது. நெருப்பு மெல்ல உள்ளே தின்றுகொண்டே போனது. சிலுவையம்மாள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தபோது புகை இல்லை.

"காத்து" என்றான் பென்னி. ஒரு செங்கல்லை மறைப்பாக வைத்து இன்னொன்றைப் பற்றவைத்தான்.

அதுவும் கொஞ்சம் எரிந்தது. நின்றுவிட்டது.

மூன்றாவதை வைத்துவிட்டு இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தான். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொத்திய கைக்குள்ளேயே அது அணைந்துபோனது.

பென்னியின் முகம் வெளிறிவிட்டது. கல்லறையைத் தொட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

"நைனாவுக்கு இஷ்டமில்லம்மா."

வீடு விற்கிறதாக இல்லை என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டு வருவதாகக் கூறி, போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான்.

சிலுவையம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்தது.

"இன்னாடி, அம்மாம் ஆசையா வாங்கியாந்தியே. உன் மாமன் மூஞ்சில அடிச்சிட்டாரா?"

கரோலின் அணைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் ராசா, என்னிய கைவுடலையே நீ" என்று கல்லறையைத் தடவினாள் மாமியார். "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்ட. இப்ப நிம்மதியா ஒண்ணு குடி." பென்னி வைத்துவிட்டுப் போன பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவினாள்.

கரோலின் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பென்னி தூரத்தில் முதுகு காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். சட்டென்று மாமியார் கையைப் பிடித்தாள்.

"வாணாம்த்தே. எத்தினி வாட்டி பத்தவெச்சாலும் அது அணைஞ்சிடும்."

"இன்னாடி உளர்ற?"

கரோலின் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிகரெட்டைச் சுற்றியிருக்கிற தாளுக்குப் பூச்சு போடுவதுதான் அவள் கம்பெனியில் அவளுக்கு வேலை. புகைத்துக்கொண்டே தூங்கிப்போய் படுக்கையில் தீப்பிடித்துச் சாகக் கூடாது என்று சில வெளிநாடுகளில் சட்டமாம். அதற்காகத் தாளில் வளையம் வளையமாக ஒரு பூச்சு. ஆள் இழுத்துக்கொண்டே இருந்தால் எரியும். கீழே வைத்துவிட்டால் அந்த வளையத்துக்கு வந்ததும் நெருப்பு செத்துப்போகும்.

சிலுவையம்மாள் கையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"வாணாம்னு நான் அழுது பாத்துட்டேன்த்தே, அவரு கேக்கல. நைனா சொன்னா கேப்பாருன்னு தோணுச்சு."

கரோலின் கைப்பையைத் திறந்து, கர்ச்சீப்பில் சுற்றி வைத்திருந்த ஒற்றைச் சிகரெட்டை எடுத்தாள். தெருமுனைப் பெட்டிக்கடைச் சரக்கு. தீப்பெட்டியோடு சேர்த்து மாமியார் கையில் வைத்தாள்.

"அந்தப் பாக்கெட்டு உங்க புள்ளைக்கு. இதுதான் மாமாவுக்கு."