லெப்டினன்ட் ஆதவனின் மறைவு

"உசுரோட இருக்கிற புள்ளைக்குக் கண்ணீர் அஞ்சலி பேனரு! இதுக்கு நீங்கதாம்மா பதில் சொல்லணும்" என்றபடியே சந்திரகலா உள்ளே நுழைந்தாள். பின்னால் அவள் கணவர் சங்கரலிங்கம். அவருக்கும் பின்னால், அஞ்சலிக்குரிய மகன் ராஜ்மோகன்.

திலகவதி மூவருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

பதினைந்து வருடங்களுக்கு முன் டி.வி.யில் 'விண்கலம் வைகறை' என்றொரு தொடர் வந்து பாதியில் நின்றுபோனது. நின்றதைத் தாங்க முடியாத மிகச் சிலரில் திலகவதியும் ஒருத்தி. ஆபீஸ் விட்டு வந்து, குவார்ட்டர்ஸின் பின்னறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மீதிக் கதையை ஒலி நாடகமாகத் தானே தொடர்ந்தாள். டி.வி.காரர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே கதவு திறந்துவிடும் வேலை மட்டுமே பார்த்த லெப்டினன்ட் ஆதவன்தான் இங்கே கதாநாயகன். அவனுக்குக் குரல் ராஜ்மோகன். விண்கல டாக்டருக்குக் குரல் திலகவதியின் தங்கை இசைப்பிரியா. விண்கலத்தின் இரைச்சலுக்கு, தொழிலாளர்களை ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ்.

வெள்ளிக்கிழமை இணையத்தில் ஏறிய நாற்பத்தொன்றாம் பகுதியில் ஆதவன் இறந்துபோனான். ஞாயிறு காலை, டவுன்ஷிப்புக்குள் நுழையும் ஆர்ச் கேட் பக்கத்தில் பேனர் நின்றது. ஆள் உயரத்துக்கு ராஜ்மோகனின் படம். தோற்றம்: பகுதி 1. மறைவு: பகுதி 41. 'விண்வெளியில் வீரமரணம்' என்பது மட்டும் கடுகளவு எழுத்தில். கீழே 'நேயர் மன்றம்' என்று போட்டிருந்தது.

அதே காலையில்தான் காடாம்புலியூரிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வேன் வைத்து வந்தார்கள். வேன் ஆர்ச் கேட்டோடு திரும்பிவிட்டது.

"ஃபோன் பண்ணி, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லலையா?" என்று கேட்டாள் திலகவதி.

"நானே பேசினேன் மேடம்" என்றான் ராஜ்மோகன்.

"'மாப்ள உசுரோட இருக்கறது சந்தோஷம்தாங்க. ஆனா பாத்துட்டமே. வூட்ல பொம்பளைங்க அழுதுகினு இருக்காங்க'ன்னு சொல்லி வெச்சிட்டாங்க" என்றார் சங்கரலிங்கம். "ஒரு வருஷம் அலைஞ்சு நானே பேசி முடிச்ச இடம்மா. வீட்ல யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காம முடிச்ச இடம்."

"அடுத்த பகுதியில எம் புள்ளைய எழுப்புங்க" என்றாள் சந்திரகலா.

"எழுப்ப முடியாதுங்க. விண்கலத்துக் கதவத் தெறந்துகினு வெளிய விழுந்துட்டான்."

"கதவு தெறக்கறதுதான அவன் வேலை? மறுபடி தெறந்துகிட்டு வரட்டும்."

"அங்க காத்தே கிடையாதும்மா."

"சரி, கூடப் பொறந்தவன் எவனாச்சும் வரட்டும். இதே மூஞ்சி, இதே குரல்."

"கேக்கறவங்க காறித் துப்புவாங்க" என்றாள் திலகவதி. "அந்த பேனரையும் நாங்க வைக்கலைங்க. எங்களுக்கு மன்றமே கிடையாது. மொத்தமா கேக்கறது முந்நூறு பேரு. அதுல பாதி சிங்கப்பூர்."

சந்திரகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். "வேலை பெர்மனென்ட் ஆகி ஆறு மாசம்தான் ஆச்சு. இனிமே எவன் பொண்ணு குடுப்பான்? அஞ்சலி பேனர்ல இருந்த மூஞ்சியைப் பாத்துப் பயப்படாத பொண்ணு இந்த ஜில்லாவுலயே இருக்க மாட்டா."

டீ கொண்டுவந்த இசைப்பிரியா தட்டை நீட்டினாள். "எனக்குப் பயமா இல்லைங்க. அவர் சாகும்போதே நான்தான் கையைப் பிடிச்சிகினு இருந்தேன். மூணு டேக்."

ராஜ்மோகனுக்குப் புரையேறியது.

சங்கரலிங்கம் அப்போதுதான் அந்தப் பெண்ணைச் சரியாகப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் டீ கிளாஸைப் பார்த்தார்.

"சொந்த ஊரு எதும்மா?"

"மேல்பட்டாம்பாக்கம்ங்க."

"வேலை?"

"லேப் டெக்னீஷியன்."

அவர் திலகவதி பக்கம் திரும்பினார். "இந்த நெலமையில கேக்க எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. உங்க தங்கச்சிய எம் பையனுக்குத் தருவீங்களா?"

"என்னங்க இது! முன்னபின்ன யோசிக்காம, வந்த எடத்துல!" என்று சந்திரகலா பதறினாள்.

"நீ சும்மா இரு. நான் முடிவு பண்ணிட்டேன்."

திலகவதி தங்கையைப் பார்த்தாள். தங்கை ராஜ்மோகனைப் பார்த்தாள். ராஜ்மோகன், இறந்தவன் எழுந்து உட்கார்ந்த முகத்தோடு தரையைப் பார்த்தான். இத்தனை நாள் எழுதிய வசனத்தில் இதைக் கவனிக்காமல் போனோமே என்று திலகவதிக்கு வெட்கமாக இருந்தது.

"எங்களுக்குச் சந்தோஷம்தாங்க" என்றாள்.

சங்கரலிங்கம் பத்து வயது குறைந்தவர்போல எழுந்து, வண்டி எடுக்க மகனோடு வெளியே போனார். திலகவதி வழியனுப்பப் போனாள். டீ கிளாஸை வைக்கிற சாக்கில் சந்திரகலா சமையலறைக்குள் வந்து, இசைப்பிரியாவின் கையைப் பிடித்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"நாப்பத்தோரு பகுதியும் கேட்டவ நான். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது நடிப்பு மாதிரியே தெரியலடி" என்றாள் மெதுவாக. பிறகு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள். "இருட்டிக்கிட்டு வருது. நம்பர் தர்றேன், பேனர் கடைக்காரனுக்கு ஃபோன் போட்டு உடனே கழட்டச் சொல்லு. வேன் வர்ற தெசையப் பாத்துக் கட்டுன்னு சொன்னவ, மழை வந்தா எம் புள்ள மூஞ்சிய நனைய விடாதேன்னு சொல்ல மறந்துட்டேன்."