சேர்மனின் சவரம்

"ஊரே சிரிக்குது வேதகிரி! படிச்சீங்களா, இல்லையா?"

காஞ்சிபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய கட்சிச் செயலாளர் ஸ்வாமிநாதன், பத்திரிகையை யூனியன் சேர்மன் வேதகிரி முன்னால் விசிறினார்.

'ஏரி வறண்டு கிடக்கு, சேர்மன் முகம் மினுக்கு! தினமும் உத்திரமேரூர் சலூனில் குடித்தனம்!' கூடவே, சலூன் பெஞ்சில் வேதகிரி உட்கார்ந்திருக்கும் படம்.

"படிச்சேன் சார். படம் நல்லா வந்துகீது."

"கிண்டலா? நாளைக்கு எலெக்‌ஷனுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. இனிமே சலூன் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க. மீறிப் போனா எம்.எல்.ஏ. சீட்டு கிடையாது!"

உள்ளிருந்து மனைவி மங்கம்மா வந்தாள். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் சார். கேட்டாத்தானே? இன்னிக்கு ஒரு நாளாவது வூட்ல குந்துய்யா!"

"இன்னிக்குப் போயே ஆவணும்." வேதகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்படி என்னதான் அழகு வேண்டிக்கிடக்கு இந்த மனுஷனுக்கு! ஸ்வாமிநாதன் பின்னாலேயே ஓடினார், கையைப் பிடித்து இழுத்து வரத்தான்.

சலூனில் நல்ல கூட்டம். பெஞ்சில் காத்திருந்த வேதகிரியின் முறை வந்தது.

"வாங்க சேர்மனே." கடைக்காரர் கன்னியப்பன் துணியை உதறினார்.

வேதகிரி எழுந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "முனிரத்தினம்! உள்ள வா."

வெயிலில் நின்றிருந்த, பக்கத்து ஊரான பெருநகரின் சேரிக் கூலியாள் தயங்கினார். சேரி ஆள் தனியாக வந்தால், 'கத்தி மொண்ணை' என்று திருப்பி அனுப்பும் கடை அது.

"நாளைக்கு மவ கல்யாணத்த வச்சிக்கினு தாடியோட நிப்பியா? ஏறிக் குந்து."

பெஞ்சிலிருந்து ஒருவர் எரிந்து விழுந்தார். "இன்னா சேர்மனே, தெனம் ஒரு ஆள இட்டாந்து இதே பேஜாரு!"

"என் முறை. நான் யாருக்குக் குடுத்தா உனக்கு இன்னா?"

முனிரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னியப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டே சோப்பைக் குழைத்தார்.

 ஸ்வாமிநாதன் அப்போதுதான் வேதகிரியின் தாடையைக் கவனித்தார். அங்கங்கே பிளேடு கீறல்.

"அப்போ... உங்க சவரம்?"

 கன்னியப்பன் வெடுக்கென்று திரும்பினார்.

"எழுதினவன்கிட்ட சொல்லுங்க சார். இவரு தெனம் வர்றது நெசம்தான். ஆனா, இவரு மொகத்துல என் கத்தி ஒரு நாளும் பட்டதே இல்ல!"