லிக்விடேட்டருக்கு ஓர் ஆட்சேபணை

"கம்பெனி டைரக்டரோட உங்களுக்கு ஏதாச்சும் உறவு உண்டுங்களா?" கூட்டத்துக்குத் தலைமை வகித்த வக்கீல் அர்த்தநாரி கேட்டார்.

"இப்ப எந்த உறவும் இல்லீங்க" என்றார் சேலத்திலிருந்து வந்திருந்த ஆடிட்டர் ஞானதாஸ்.

முன்வரிசையிலிருந்த டைரக்டர் சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை பேர் முன்னால் கூசாமல் பொய் சொல்கிறானே!

திருச்செங்கோட்டில் அவர் நடத்திய பஞ்சு மில் நொடித்துப் போயிருந்தது. கம்பெனியைக் கலைத்து, இருக்கிற சொத்தை விற்று எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்க ஒரு லிக்விடேட்டரை நியமிக்கத்தான், அந்தப் பங்குனி வெயிலில் மில் குடோனில் கூடியிருந்தார்கள். நேர்மையான மனிதர் என்று யாரோ ஞானதாஸின் பெயரைச் சொல்ல, பலரும் தலையாட்டினார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று சென்னியப்பனுக்குத் தெரியும். சேலத்துக்குப் படிக்கப் போன அவருடைய ஒரே மகள் சௌந்திரம், மாதா கோயிலில் மாலை மாற்றிக்கொண்டது இந்த ஞானதாஸோடுதான். அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டார். அவள் பேச்சை எடுத்துக்கொண்டு யார் வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பினார்.

"ஆட்சேபணை இல்லேன்னா இவரையே போட்டுரலாமுங்களா?" என்றார் அர்த்தநாரி.

பேசாமல் இருந்தால் சென்னியப்பனுக்கு நல்லதுதான். ஆனால் பக்கத்து வரிசையில் மில் வேலைக்காரி சாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவரை நம்பி, காதுக் கம்மலை விற்றுப் பங்கு வாங்கியவள். அவர் எழுந்துவிட்டார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க. இவரு எம் மருமகன். எம் மக சௌந்திரத்தோட ஊட்டுக்காரர். நாளைக்கு மாமனாருக்குச் சாதகமாப் பங்கு வெச்சாருன்னு ஒரு பேச்சு வரப்படாது. வேற ஆளைப் போடுங்க."

ஞானதாஸ் மறுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

எம் மக. அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று! சொன்னதும் சென்னியப்பனுக்குள் ஏதோ இளகிப் போயிற்று. நேரே போய் ஞானதாஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. நாயம் நாயந்தானுங்களே. கூட்டம் முடிஞ்சதும் உங்க கூடவே நானும் சேலத்துக்கு வாரேன். அவ என்னைய என்ன வேணா பேசட்டும், கேட்டுக்கறேன்."

ஞானதாஸ் அந்தக் கையை விடவில்லை.

"சௌந்திரம் தை மாசமே தவறிட்டாளுங்க, மாமா."