திடீர் மரியாதை

அவன் பனிச்சரிவில் மறுபடியும் விழுந்தான்.

இந்த முறை நின்ற இடத்திலேயே. சறுக்கக்கூட இல்லை.

ஒரு நாய் அவனைத் தாண்டி இறங்கிப் போனது. காதில் மஞ்சள் வில்லை மாட்டிய ஜார்ஜியா நாட்டுத் தெருநாய். காலில் பலகை எதுவும் கட்டாமலேயே அவனைவிட நன்றாகச் சறுக்கியது. போகிற போக்கில் திரும்பி ஒரு பார்வை வேறு.

மேலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பூவநாதன்.

"எலே மாப்ள! துபாய்லருந்து பிளேன் ஏறி வந்தது உக்காரதுக்கா? எந்திரி லே!"

பூவநாதனின் மாப்ளவில் பொருள் ஏதும் கிடையாது. எட்டாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறான். கோவில்பட்டியில் பஸ் கண்டக்டரும் அவனுக்கு மாப்ளதான்.

அந்த வார்த்தைக்குப் பொருள் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பூவநாதனுக்கு அது தெரியாது.

பூவநாதனின் தங்கை செண்பகாவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணனிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லவா என்று கேட்டிருந்தாள். நானே சொல்கிறேன் என்று அவன் மீசையை முறுக்கினான். வாட்ஸ்அப்பில் முறுக்குவது எளிது.

இன்று வெள்ளி.

திபிலிசியிலிருந்து மலையேறிய வழியெல்லாம் காரில் சொல்லப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து, "ஜன்னல ஏத்து லே, குளுருது" என்று முடித்தான். நான்காவது முறை, ஏற்றுவதற்கு ஜன்னலே மிச்சமில்லை.

ஊர் ஒன்றுதான். தெரு வேறு.

பூவநாதன் அவன் வீட்டில் எத்தனையோ முறை மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறான். சட்டியை வழித்தே சாப்பிட்டிருக்கிறான். ஆனால் சாப்பாடு வேறு, சம்பந்தம் வேறு என்று ஊரில் சொல்வார்கள். பூவநாதன் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

சொல்ல வேண்டிய தேவையும் இதுவரை வந்ததில்லை.

பூவநாதன் பனியைச் சீவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். அவன் காலைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். பலகையோடு பூட்ஸைப் பிணைக்கும் வார் அவிழ்ந்து கிடந்தது.

தன் பலகையைக் கழற்றி ஓரமாக வைத்தான். முழந்தாளிட்டான். அவன் பாதத்தைப் பிடித்துப் பலகையில் பொருத்தினான். பூட்ஸில் அப்பியிருந்த பனியைக் கையால் வழித்துத் துடைத்தான்.

கல்யாண வீட்டில் பெண்ணின் சகோதரன் இப்படித்தான் உட்கார்வான். தாம்பாளத்தில் மாப்பிள்ளையின் கால் இருக்கும். சொம்பில் தண்ணீர்.

இங்கே தண்ணீர் உறைந்து கிடந்தது. அவ்வளவுதான்.

விழுந்து கிடந்தவனுக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது. எல்லாமே கேலியாகத்தான் வாயில் வரும். அப்பாவின் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போதே கேலி பேசியவன்.

"இப்பவே கழுவாத லே. செண்பகா கல்யாணத்தன்னிக்கு மொத்தமாக் கழுவிக்கலாம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான்.

சிரிப்பு வரவில்லை.

பூவநாதனின் கை நின்றது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அந்த முகத்தில் கேலியைத் தேடினான். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அது அங்கே இல்லை.

பிறகு குனிந்து, பல் பல்லாக இறுகும் அந்த வாரை இழுத்தான். ஒரு பல். இரண்டு பல். மூன்று. தேவைக்கு மேல் இன்னொன்று.

வலித்தது. அவன் சொல்லவில்லை.

பூவநாதன் எழுந்தான்.

"எந்திரிங்க."

ஊரில் சிநேகிதர்களுக்குள் இந்த 'ங்க' இரண்டே பேருக்குத்தான். வீட்டுக்கு மாப்பிள்ளையாகிவிட்டவனுக்கு. பேச்சு முறிந்தவனுக்கு.

உச்சரிப்பு ஒன்றுதான்.

அவன் கேட்பதற்குள் பூவநாதன் தன் பலகையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் தனியாக இறங்கினான். ஆறு முறை விழுந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆளில்லாமல் விழுந்தால் கூடுதலாக அடிபடுகிறது.

கீழே வண்டி நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் கூட வந்த சிநேகிதன் அமல்ராஜ். மூவரில் புத்திசாலி. முதல் விழுதலிலேயே ஞானம் பெற்று, காலையிலிருந்து ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

மூன்று நாளாகத் தான் உட்கார்ந்து வந்த முன் சீட்டின் கதவைத் திறந்து பிடித்தபடி பூவநாதன் நின்றான். மண்டப வாசலில் சம்பந்தி வீட்டாரை வரவேற்கிறவன்போல நின்றான். முகத்தை மட்டும் மலைப் பக்கம் வைத்திருந்தான்.

அவன் பனிக்கண்ணாடியைக் கழற்றாமல் வந்தது நல்லதாகப் போயிற்று; கண் வெளியே தெரியவில்லை.

சூடான சீட்டு. கால் நீட்ட இடம். அவன் அதை ஒரு கணம் பார்த்தான்.

பிறகு பின் கதவைத் திறந்தான். டிக்கியில் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்த பலகைகளை ஒதுக்கிக்கொண்டு, ஈரக் கோட்டுகளுக்கு நடுவே உடம்பைத் திணித்தான்.

பூவநாதன் முன் கதவைச் சாத்தினான். சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து, அவனும் பின்னாலேயே ஏறினான்.

இடமே இல்லை. தோளோடு தோள் நெரிந்தது.

அமல்ராஜ் கண்ணாடியில் பார்த்தான். காலியாக இருந்த முன் சீட்டைப் பார்த்தான்.

"என்னலே, என்னைய டிரைவராவே ஆக்கிட்டீங்களா?"

வண்டி நகர்ந்தது.

பூவநாதன் பல்லால் கடித்துக் கையுறையை உருவினான். போனை எடுத்தான். அம்மா என்றிருந்த பெயரை அழுத்தினான்.

டவர் இல்லை.

மலை இறங்க இறங்க, போனை ஜன்னலோரம் உயர்த்திப் பிடித்தபடியே வந்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை நிறுத்த இன்னும் ஒரு நாள் இருந்தது.

மூன்றாவது வளைவில் டவர் ஒரு கோடு வந்தது.