கிளி கடித்தால் கத்தக் கூடாது

இன்ஸ்பெக்டர் மேஜைக்கு அடியில் நுழைந்துவிட்டார். நாற்காலிகளில் இருந்த கணவனும் மனைவியும் டாக்டரும் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"காலை இழுத்துடாதீங்கம்மா. என்ன நடந்தாலும் சத்தம் வரக் கூடாது" என்று எதிரில் இருந்த டாக்டர் கிசுகிசுத்தார். அவர் பறவைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். இன்ஸ்பெக்டர், பச்சை உடம்பும் சிவப்பு மூக்குமாக ஒரு கிளி.

வீடு முழுக்கத் தரையில் நடந்து, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவதால் அந்தப் பெயர். போகிற வழியில் கால் விரல் அகப்பட்டால் ஒரு கடி. ஆள் பார்த்துக் கடிக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. போன மாதம் வாடகை வாங்க வந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாவின் கட்டை விரலிலேயே கைவரிசையைக் காட்டிவிட்டது.

"ஒண்ணு கிளி போகணும், இல்லேன்னா நீங்க போகணும்" என்று அந்த அம்மா குதித்தார். கடிக்கிற பழக்கம் மாறும் என்று டாக்டர் வாயால் கேட்டால்தான் ஆச்சு என்று மூன்று வாரம் கெடு வைத்தார். கெடு இன்றோடு முடிகிறது.

மனைவிக்குத்தான் கிளி உயிர். கணவர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை இந்தக் கிளி ஒன்றுதான். அதை யார் கையிலோ கொடுத்துவிட்டு வெறும் கூண்டைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

முதல் நாளே டாக்டர் புட்டுப்புட்டு வைத்திருந்தார். "அதுக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லம்மா. கடிச்சா நீங்க 'ஐயோ'ன்னு குதிக்கிறீங்க பாருங்க, அதுக்கு அது வேடிக்கை. கத்தாதீங்க, காலை உதறாதீங்க, அதைத் திட்டாதீங்க. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துடுங்க. சலிச்சுப்போய் தானா விட்டுடும்."

சொல்வது சுலபம். அவள் 'ஐயோ' என்று அலறுவதும், கிளி அதே குரலில் 'ஐயோ' என்று திருப்பிச் சொல்வதுமாக முதல் இரண்டு வாரம் வீடு இரண்டுபட்டது.

கணவர் அப்படி இல்லை. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். ஐம்பது பிள்ளைகளின் இரைச்சலில் பொறுமை பழகிய மனிதர். கிளி அவர் கால் விரலைக் கொத்துவதை இரண்டு தடவை அவளே பார்த்தாள். அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டால், "எங்கிட்ட அதோட பருப்பு வேகாது" என்பார்.

கொஞ்சம் ஞாபக மறதிதான் ஜாஸ்தி. நேற்றுக்கூட ஒரு கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடக்க, மறுகால் செருப்போடு சமையலறை வரைக்கும் வந்து நின்றார். "இன்னொண்ணு எங்கேங்க?" என்று அவள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிளி அவள் காலருகே வந்து நின்றது. கழுத்து இறகு சிலிர்த்தது, கண்மணி சுருங்கி விரிந்தது. கடிக்கப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சுண்டு விரலில் சுருக்கென்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, உயிரே போனது, ஆனால் மூச்சு விடவில்லை.

கிளி தலையைச் சாய்த்து மேலே பார்த்தது. "ஐயோ?" என்று தானே எடுத்துக்கொடுத்துப் பார்த்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்தக் கோபத்தோடு அது கணவர் பக்கம் போனது. அவர் சர்க்கரை வியாதிக்காகச் சர்க்கரை போடாத டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். கிளி அவருடைய கட்டை விரலைக் கவ்வியது. கவ்வியதை விடாமல் திருகியது.

தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தது. டாக்டரே பாதி எழுந்துவிட்டார். அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, 'கத்திடாதீங்க, கத்திடாதீங்க' என்று மனசுக்குள் மன்றாடினாள்.

அவர் ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

கிளி பிடியை விட்டது. அவர் முழங்காலைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தது. பிறகு சலித்துப்போய்க் குடுகுடுவென்று நடந்து தானாகவே கூண்டுக்குள் ஏறிக்கொண்டது.

"போதும்மா, கிளி இங்கேயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். "வீட்டுக்காரம்மாகிட்ட நானே பேசுறேன். இவர் மாதிரி ஒருத்தர் வீட்டுல இருந்தா எந்தக் கிளியும் கடிக்கிறதை மறந்துடும்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய் ஈரத்துணி கொண்டுவந்தாள். அதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பேப்பரை மடித்துவிட்டு, பஸ் சாவியைக் கையில் எடுத்திருந்தார்.

"நேரமாச்சு, பிள்ளைங்க வாசல்ல வந்து நின்னுடும்."

"ஒரு நிமிஷம் இருங்க." அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் துடைத்தாள். விரலில் தோல் பிய்ந்து சதை தெரிந்தது. "இவ்வளவு ரத்தம் வருது... எப்படிங்க வலியைத் தாங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?"

அவர் குனிந்து, அவள் கையிலிருந்த சிவந்த துணியை வியப்போடு பார்த்தார்.

"எப்ப கடிச்சுது?"